இணையத்தில் படம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எம்ஜிஎம், பாரமவுன்ட், சோனி, யுனிவர்சல், வார்னர் ஆகிய ஐந்து ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2002 நவம்பரில் மூவிலிங்க் என்ற இணையக் கடையைத் திறந்தபோது, அங்கே படங்களை வாடகைக்கு மட்டுமே எடுக்க முடிந்தது. விலைக்கு விற்கும் துணிவு அவற்றுக்கு வருவதற்கு 2006 ஏப்ரல் ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் அமேசானின் படக் கடையான அன்பாக்ஸ் தொடங்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடையிலும் டிஸ்னி படங்கள் விற்பனைக்கு வந்தன. அந்நாட்களில் வாடிக்கையாளர்கள் ஏமாந்த இடங்களைப் பார்த்தால், வீடியோ கடையில் பழகிய பழக்கத்தோடு இணையக் கடைக்குள் நுழைந்ததே பெரும்பாலும் காரணமாகத் தெரிகிறது. இன்று கைபேசியில் படம் வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

‘வாங்கு’ என்ற பட்டனை அச்சொல்லின் வழக்கமான பொருளிலேயே எடுத்துக்கொள்வது இவற்றுள் பெரிய தவறு. விலைக்கு வாங்கிய டிவிடியை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், பழைய பொருள் கடையில் விற்கலாம், விற்ற கடை மூடிய பிறகும் போட்டுப் பார்க்கலாம். இணையத்தில் நமக்குக் கிடைப்பதோ பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. கோப்பு நம்மிடம் இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி விற்றவரின் சர்வரிலிருந்து வர வேண்டும். கூகுள் வீடியோ 2006 ஜனவரியில் தொடங்கிய விற்பனையை 2007 ஆகஸ்டில் நிறுத்தியபோது, ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவையும் அம்மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகு ஓடவில்லை. அந்நிறுவனம் முதலில் தன் பணப்பரிமாற்றச் சேவையில் செலவழிக்கத்தக்க தொகையை மட்டும் ஈடாகக் கொடுத்தது. கண்டனம் எழுந்த பிறகே வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. 2007 பிப்ரவரியில் தொடங்கிய வால்மார்ட்டின் கடை, அதற்குத் தொழில்நுட்பம் வழங்கிய எச்பி விலகிக்கொண்டதால் அவ்வாண்டு டிசம்பரிலேயே மூடப்பட்டது. அங்கு வாங்கிய படங்கள் பதிவிறக்கிய கணினியில் தொடர்ந்து ஓடின. வேறு கணினிக்கு மாற்ற வழியில்லை. ஆகவே கடையின் பெயர் எவ்வளவு பெரியது என்பதைவிட, கடை போன பிறகும் பூட்டு திறக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பல ஸ்டூடியோக்களின் ஆதரவோடு 2011இல் வந்த, வாங்கிய படங்களின் உரிமத்தை இணையத்தில் பதிந்து வைக்கும் அல்ட்ராவயலட் சேவையும் 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே தங்கள் கணக்கை விற்பனையாளர் தளங்களோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலான படங்கள் தங்கின. நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலைப் படிக்காமல் அழிப்பது சில நேரம் இப்படி விலை உயர்ந்த சோம்பலாகிவிடும்.

ஐடியூன்ஸில் வாங்கிய படத்தை விதிப்படி மறுபடி பதிவிறக்க 2012 மார்ச் வரை வழியில்லை; வன்தட்டு கெட்டால் படமும் போயிற்று. அமேசான் தொடக்கத்திலிருந்தே அதற்கு இடம் கொடுத்தது. நகல் எடுத்து வைப்பது யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டுமுன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

வாடகையில் தவறு கடிகாரத்தைப் பற்றியது. ஐடியூன்ஸ் 2008 ஜனவரியில் வாடகையைத் தொடங்கியபோது, எடுத்த படத்தைப் பார்க்கத் தொடங்க 30 நாள் தந்தது. தொடங்கிவிட்டாலோ 24 மணி நேரம்தான். கேட்க அது நீண்ட நேரமாகத் தோன்றும். இரவு ஒன்பதுக்குத் தொடங்கி, பாதியில் தூங்கி, மறுநாள் வேலை முடிந்து எட்டரைக்குச் சாப்பிட்டு உட்கார்ந்தவருக்கு மீதி அரை மணி நேரமே. இப்போது பல சேவைகள் 48 மணி நேரம் தருகின்றன. எனினும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று தட்டுவதும் தொடங்கியதாகவே கணக்காகலாம் என்பதால், சோதனைக்கு முன்னோட்டத்தை ஓட்டுவதே நல்லது.

அந்தச் சோதனையையும் பார்க்கப்போகும் திரையிலேயே செய்ய வேண்டும். மூவிலிங்கும் அன்பாக்ஸும் விண்டோஸுக்கு மட்டுமே உரியவையாக வந்தன. மேக் வைத்திருந்தவர்களுக்கு அவை பயன்படவில்லை. 2008 இறுதியில் வந்த ஆப்பிள் மடிக்கணினிகளிலோ, ஐடியூன்ஸிலேயே வாங்கிய சில படங்கள், நகல் தடுப்பு வசதியில்லாத வெளித்திரையை இணைத்தால் ஓட மறுத்தன. கடை, கணினி இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்பது அங்கே உதவவில்லை.

விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2006இல் ஐடியூன்ஸில் புதிய படம் 14.99 டாலர், காட்சியோ 640 புள்ளி அகலம்தான். நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பில் 1.2 ஜிபி கோப்பு இறங்க இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு டிவிடியை வாங்கி வந்து பார்த்தே முடித்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் நாட்டு எல்லையையும் கவனிக்க வேண்டும். ஐடியூன்ஸ் வாடகை முதலில் அமெரிக்காவுக்கு மட்டுமே வந்தது. இந்தியாவில் அக்கடை 2012 டிசம்பரில்தான் திறந்தது. கணக்கின் நாட்டை மாற்றினால், முன்பு வாங்கிய சில படங்கள் புதிய நாட்டின் கடையில் இல்லாமல் போகலாம் என்பதால், மாற்றுவதற்கு முன்பே அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.