மலைப்பாதை வேலைக்குப் போறீங்களா, மொதல்ல தண்ணிய பாருங்க

வாலண்டியரா பாதை வேலைக்கு வர்றவங்க மொதல்ல கத்திய எடுத்துட்டு செடி வெட்டத்தான் ஓடுவாங்க, ஆனா பாதைய கெடுக்கறது செடி இல்ல, தண்ணி. மழை பெய்யுறப்பவே ஒரு தடவ நடந்து பாருங்க, தண்ணி பாதையிலயே ஓடுதுன்னா பள்ளத்துப் பக்கம் ஓரத்துல மண்ணு மேடு கட்டியிருக்கும், அத மண்வெட்டியால செதுக்கி எடுத்துட்டு பாதை வெளிப்பக்கமா 5 சதவீதம் சாயுற மாதிரி விடுங்க, அதாவது 1 மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. எறக்கம். எடுத்த மண்ண அங்கயே ஓரமா குவிக்காதீங்க (நான் பண்ணிருக்கேன், அடுத்த மழைக்கே பழைய கதை), கீழ தள்ளி வீசிடுங்க.

புதுசா பாதை நீட்டணும்னா நெலத்துக்காரங்க, வனத்துறை அனுமதி இல்லாம கடப்பாரைய தொடாதீங்க. பாதையோட ஏத்தம் மலைச்சரிவோட ஏத்தத்துல பாதிய தாண்டக்கூடாது, தாண்டுச்சுன்னா தண்ணி குறுக்கால கடக்காம பாதையவே வாய்க்கா ஆக்கிடும். சராசரியா 10 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கோங்க.