எட்டு நொடிக்குள் ஒரு வித்வான்

ஐப்பசி பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். மார்கழி சீசனுக்கு முன்னால் ஆல்பம் வெளியிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சார், ஸ்பாட்டிஃபைல பாட்டு ஓடும்போது பின்னாடி திரும்பத் திரும்ப ஒரு வீடியோ ஓடுமே, அது ஒண்ணு எடுத்துத் தாங்க." அதற்குப் பெயர் கேன்வஸ். திருச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிற எனக்கு இது ஓரமாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் வித்வான்கள் வீட்டுக் கூடத்தில் டிரைபாடோடு உட்கார்ந்திருப்பேன். போன் கேமராவே போதும் என்பதால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அளவு. படம் உயரவாக்கில், 9:16 விகிதத்தில் இருக்க வேண்டும். உயரம் 720 பிக்சலுக்குக் குறையக் கூடாது. நான் 1080க்கு 1920 ஏற்றுகிறேன். நீளம் 3 நொடி முதல் 8 நொடி வரை. எம்பி4 கோப்பு. வீடியோவுக்கென்று தனி ஒலி கிடையாது, பாட்டுதான் ஒலி. பாட்டின் பெயரும் பாடுகிறவர் பெயரும் ஏற்கெனவே திரையில் இருப்பதால் படத்தின் மேல் எழுத்து போட வேண்டாம் என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது. படபடவென்று வெட்டிய காட்சிகள், கண்ணைக் கூச வைக்கும் மின்னல் வெளிச்சம், வாயசைத்துப் பாடும் காட்சி ஆகியவற்றையும் தவிர்க்கச் சொல்கிறது.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கும் பாடகர்களுக்கும் முட்டிக்கொள்ளும். "அந்த நிரவல் இடத்துல பாடுற மாதிரி எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பார்கள். நல்லாத்தான் இருக்கும், பாட்டு அந்த நிரவலுக்கு, அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் இடத்துக்கு, வந்து சேரும் ஒரே ஒரு தடவை. வீடியோ அது பாட்டுக்கு ஏழு நொடிக்கு ஒருமுறை திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்; பாட்டு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வயலின் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருக்கும்போது திரையில் பாடகர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

வாயை விடுங்கள், கை அதைவிட மோசம். தாளம் போடும் கையைக் காட்டினால் கச்சேரி கேட்கிற ஆள் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். கணக்குப் போட்டுப் பொருத்தலாமே என்று கேட்ட ஒரு கிட்டார் தம்பியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 80 தட்டு என்று கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் கேட்கும் தட்டு) வைத்துப் பதிவு செய்த பாட்டு என்றால், தட்டுக்கு ஒரு அட்சரமாக (தாள எண்ணிக்கையாக) ஆதி தாளத்தின் 8 அட்சரத்துக்குச் சரியாக 6 நொடி ஆகும். காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பாட்டை நடுவில் தள்ளிக் கேட்டாலோ, முன்னால் ஒரு நொடி மௌனம் இருந்தாலோ எல்லாம் போச்சு. கிளிக் இல்லாத கச்சேரிப் பதிவென்றால் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

பாடாத நேரத்தை எடுங்கள். இந்த வேலையில் நான் கண்ட ஒரே ரகசியம் அதுதான். வாசிக்காதபோதும் வித்வான்களின் கைகள் ஏதோ செய்துகொண்டே இருக்கின்றன. அதிலும் செய்து முடித்த கை தானாகவே தொடங்கிய இடத்துக்கு வருகிற அசைவாகத் தேடுங்கள். முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டும் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும்.

நான் முதலில் கேட்பது "வீட்டில் தம்புரா இருக்கிறதா?" என்றுதான். நிறைய வீடுகளில் இப்போது சுருதிப் பெட்டி அல்லது போன் ஆப்தான், தம்புரா உறை போட்டு மூலையில் நிற்கும். அதை எடுக்கச் சொல்கிறேன். நடுவிரல் பஞ்சமத் தந்தியை மீட்டும், ஆள்காட்டி விரல் மற்ற மூன்று தந்திகளையும் வரிசையாக மீட்டும், பிறகு மறுபடி பஞ்சமம். நிதானமாக மீட்டினால் ஒரு சுற்று நாலைந்து நொடி, அதாவது கேன்வஸுக்கென்றே அளந்த மாதிரி. இன்னொரு வசதியும் உண்டு. தம்புரா தாளத்தோடு சேர்ந்து போகாது, தன் போக்கில் போகும். அதனால் பாட்டு விளம்ப காலமோ துரிதமோ, திரையில் ஓடும் தம்புரா எதோடும் முட்டாது. மேடையிலேயே முட்டாதது இங்கே எப்படி முட்டும்?

வயலின்காரர் என்றால் வில்லுக்கு ரோசின் தேய்ப்பது. மேலும் கீழும் போய் வரும் அசைவு என்பதால் எங்கே வெட்டினாலும் பொருந்தும். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் வெள்ளைப் பொடி பறப்பதும் தெரியும். மிருதங்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவைப் பசை அப்புவது பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது சுற்றாது. அப்ப அப்ப ரவை கூடிக்கொண்டே போகும், திரும்பத் தொடங்கும்போது சட்டென்று மறைந்துவிடும். பின்னோக்கி ஓட்டினால் வித்வான் ரவையைக் கட்டைவிரலால் உறிஞ்சி எடுப்பது போல இருக்கும். அதற்குப் பதில் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கும் முகத்தை எடுங்கள்.

அசைவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்கிறவர்களும் உண்டு. அதுவும் சரிதான். சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார், ஒரு மூச்சு மூன்றிலிருந்து ஐந்து நொடி. மூச்சு முழுக்க வெளியே போன நிலையில் தொடங்கி, அதே நிலைக்கு வரும் இடத்தில் முடித்தால் தோள் ஏறி இறங்குவது மட்டும் தெரியும். நாகஸ்வரக்காரர் ஒருவர் சீவாளியை (ஊதும் முனையை) கையில் வைத்துக்கொண்டு இப்படி மூச்சு விட்டதுதான் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம். அவர் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, "ஏதோ யோசனையில இருக்கிற மாதிரி இருக்கே" என்றார்கள்.

எடுக்கும்போது

டிரைபாட் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கை நடுக்கம் கண்ணுக்குப் பழகிவிடும், ஆனால் சுற்று முடிந்து தொடங்கும் நொடியில் சட்டகம் குதித்தால் அது மட்டும் பழகாது.

போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் வெள்ளை ஜிப்பா கொஞ்சம் அசைந்தாலே கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். தொடக்கமும் முடிவும் வேறு வேறு பிரகாசத்தில் நிற்கும். மேகம் ஓடும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம் என்பதும் இதனால்தான். காலை வெயில் நேரடியாக விழாத வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அது யோகம்.

விளக்கு போட்டு எடுத்தால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்பது என் வழக்கம். ஷட்டரைக் கையால் மாற்ற உங்கள் போனின் கேமரா ஆப் விடாவிட்டால், அதற்கென்று தனி ஆப் போட்டுக்கொள்ளுங்கள். தந்தி வாத்தியத்துக்கு இது இன்னும் முக்கியம். நல்ல வெயிலில் போன் தானாக 1/1000க்குப் போய்விடும். போன் சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால் அப்போது தந்தி பாம்பு போல நெளிந்து தெரியும். ஷட்டர் நீளமானால் தந்தி மெல்லிய மங்கலாகத் தெரியும், அதுதான் நம் கண்ணுக்குப் பழகிய தந்தி. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது என்பதால், வெளிச்சம் அதிகமென்றால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். "வேர்க்குமே" என்பார்கள். ஒரு கால்மணி நேரம்தான். முந்தானை, முன்நெற்றி முடி, பின்னால் காலண்டர் என்று காற்றில் ஆடும் ஒவ்வொன்றும் சுற்று முடிகிற இடத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். நெருக்கமான கட்டம் போட்ட சட்டையும் மெல்லிய கோடு நெய்த புடவையும் போன் கேமராவில் அலை அலையாக மினுங்கும், அதனால் ஒற்றை நிறமே மேல். வைர மூக்குத்தி இருந்தால் விளக்கை ஒரு பக்கமாக நகர்த்திப் பாருங்கள்; பளிச்சென்று ஒரு மின்னல் சுற்றுக்கு ஒரு முறை வந்தால் அது மூக்குத்தியாகத் தெரியாது, கோளாறாகத் தெரியும்.

செல்ஃபி கேமராவில் எடுக்க வேண்டாம். சில போன்கள் இடவலம் மாற்றியே சேமிக்கும். மிருதங்கத்தில் கரணை (கறுப்பு வட்டம்) இருக்கும் வலந்தலை இடக்கைக்குப் போய்விடும், வயலின் வில் கை மாறிவிடும். சாதாரண ஆள் கவனிக்கமாட்டார். ஆனால் அந்தப் பாட்டைத் தேடி வந்து கேட்கிறவர் சாதாரண ஆள் இல்லையே.

கடைசியாக, வேண்டியதைவிட நிறைய எடுங்கள். 8 நொடிக்காக நான் ஐந்து நிமிடம் கேமராவை ஓடவிடுவேன். முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருப்பார்கள். மூன்றாவது நிமிடம் கேமராவை மறப்பார்கள்.

ஒட்டு

எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே செய்துவிடலாம். ஒட்டுப் போட மூன்று வழிகளை நான் பயன்படுத்துகிறேன்.

எளியது, முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டுவது. 3 நொடி முன்னே, அதே 3 நொடி தலைகீழாக. மூச்சுக்கும், மெல்லத் தலை திருப்புவதற்கும் சரியாக வரும். விழுகிற, பறக்கிற, வழிகிற எதற்கும் வராது. ஊதுபத்திப் புகை கீழே இறங்கிக் குச்சிக்குள் போகும். தம்புராவுக்கும் வராது, மீட்டும் வரிசை தலைகீழாகிவிடும். ஒரு நுணுக்கம்: திரும்பும் இடத்தில் ஒரே ஃபிரேம் இரண்டு தடவை வரும், சுற்று தொடங்கும் இடத்திலும் அப்படியே. அந்த இரண்டு நகல்களையும் நீக்குங்கள். 150 ஃபிரேம் 148 ஆகும். இல்லாவிட்டால் சின்னதாக ஒரு விக்கல் இருக்கும், என்ன என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

இரண்டாவதுதான் நான் அதிகம் செய்வது. 8 நொடிக் கிளிப்பைச் சரியாக நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நொடி டிசால்வ் (ஒரு படம் மங்கி அடுத்தது தெளிவது) போடுங்கள், மொத்தம் 7 நொடி கிடைக்கும். இப்போது படம் முடியும் ஃபிரேமும் தொடங்கும் ஃபிரேமும் நீங்கள் எடுத்தபோது அடுத்தடுத்து இருந்தவை. அதனால் சுற்றும் இடத்தில் ஒட்டே இல்லை, ஒட்டு நடுவில் டிசால்வுக்குள் ஒளிந்துகொண்டது. அங்கே முகம் நகர்ந்திருந்தால் இரண்டு முகம் மங்கலாகத் தெரியும். அதனால்தான் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே நிலைக்குத் திரும்பி வரும் இரண்டு இடங்களைத் தேட வேண்டியிருக்கிறது. முதல் இடத்தில் கிளிப்பைத் தொடங்கி இரண்டாவதில் முடித்தால் டிசால்வை அரை நொடியாகவே குறைக்கலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் உறைய வைத்து ஒன்றை மட்டும் அசைய விடுவது. கெவின் பர்க், ஜேமி பெக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2011-இல் சினிமாகிராஃப் என்று பெயர் வைத்துப் பரப்பிய உத்தி. ஒரு ஃபிரேமை நிறுத்தி வைத்து, அசைய வேண்டிய இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெட்டி, அதற்குக் கீழே ஓடும் வீடியோவைத் தெரியவிட வேண்டும். ஜிமிக்கி மட்டும் ஆடுவது, குத்துவிளக்குச் சுடர் மட்டும் அசைவது. அழகுதான், ஆனால் உயிருள்ள மனிதர் கல்லாக நிற்க ஜிமிக்கி மட்டும் ஆடுவது எனக்குக் கொஞ்சம் திகிலாக இருக்கும். கேட்டால் செய்து தருகிறேன், நானாகச் சொல்வதில்லை.

சட்டகமும் ஏற்றமும்

இன்றைய போன் திரைகள் 9:16-ஐவிட நெட்டையானவை. 9:20 திரையை உங்கள் படம் நிரப்பும்போது 1080 பிக்சல் அகலத்தில் 864 மட்டும் தெரியும், இரு பக்கமும் 108 வெட்டுப்படும். கீழ்ப்பகுதியில் பாட்டின் பெயரும் பொத்தான்களும் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முகமும் கையும் நடுவிலும், நடுவுக்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கட்டும், கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஜமுக்காளமோ வேட்டியோ இருந்தால் போதும். தம்புராவின் குடம் அங்கே மறைந்தால் பரவாயில்லை, விரல் மறையக் கூடாது. ஆப்பிள் மியூசிக்கில் அசையும் ஆல்பம் அட்டைக்குச் சதுரத்தில் ஒன்றும் 3:4-இல் ஒன்றும் வேண்டும். பின்னால் அதுவும் கேட்பார்கள் என்று தோன்றினால் 4கே-யில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிடுங்கள், வெட்டிக்கொள்ள இடமிருக்கும்.

முடித்த படத்தைக் கோப்பாக எடுப்பது எச்.264 வடிவில், எம்பி4-ஆக, ஒலி நீக்கி. இருட்டுப் பின்னணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு கிரெய்ன் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்தால் போய்விடும். சரிபார்க்க வித்வானுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். நீங்களும் போனில் ரிப்பீட் போட்டு, அந்தப் பாட்டையே பக்கத்தில் ஓடவிட்டு, காபி குடித்துக்கொண்டு அரைக்கண்ணால் பாருங்கள். உற்றுப் பார்க்கும்போது தெரியாத ஒட்டு அப்போதுதான் தெரியும்.

ஏற்றுவது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலிருந்து. அதில் அட்மின் அல்லது எடிட்டர் அனுமதி இருக்க வேண்டும். பல பேருக்கு அது மகனிடமோ ஆல்பம் போட்ட கம்பெனியிடமோ இருக்கிறது, பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இல்லை. அதனால் படமெடுக்கப் போகும் அன்றைக்கே அதைக் கேட்டு உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஆல்பத்தில் எட்டுப் பாட்டு இருந்தால் ஒரே தம்புராவை எட்டுக்கும் போடலாம். எடுத்த ஐந்து நிமிடத்திலிருந்து எட்டு வேறு வேறு சுற்றுகளை வெட்டித் தருவதும் பெரிய வேலை இல்லை, அதற்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை.