மரத்தவளை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்டோபரில் மழை பிடித்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் நட்டால் மரத்தவளையைப் படம் எடுக்க வேண்டும் என்று காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. கேமரா செட்டிங், கொசுக்கடி எல்லாம் போகப்போகப் பழகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

மேலேயே பார்த்துக்கொண்டு நடப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆண் தவளை ஓடைக்கரை மரத்திலோ புதரிலோ உட்கார்ந்து வாத்து மாதிரி ஒரு குரல் கொடுக்கும். உடனே டார்ச் எல்லாம் மேலே போகும். கால்கள் கரையோரச் சருகை மிதித்துத் துவைக்கும். மரத்தவளை என்றால் முட்டையும் மரத்தில்தான் என்ற நினைப்பு. வடக்கே க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் இருக்கும் நுரைக்கூட்டுத் தவளை அப்படித்தான், தண்ணீருக்கு மேலே கிளையில் வெள்ளை நுரைக்குள் முட்டையிடும். நம் டர்பன் காட்டு நட்டால் மரத்தவளை வேறு. பெண் தவளை கீழே இறங்கி, தண்ணீர் ஓரமாக ஈரமண்ணில் சருகுக்கு அடியில் முட்டையைப் புதைத்துவிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் அந்த ஈரச் சருகுக்குள் நெளிந்து நெளிந்து ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒரு தம்பி ட்ரைபாட் வைக்க இடம் வேண்டுமென்று காலாலேயே சருகை ஒதுக்கினான். "வெறும் குப்பைதானே அண்ணே" என்றான். குனிந்து டார்ச் அடித்துக் காட்டினேன். பூட்ஸ் குதிகால் பதிந்த பள்ளத்தின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் முட்டைகள், பாதி நசுங்கி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன.

ஓடையைச் சுத்தம் செய்கிறோம் என்று வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். பிளாஸ்டிக்கை எடுங்கள், புண்ணியமாகப் போகும். கரையில் கிடக்கும் சருகை மட்டும் வாரிக் கொட்டாதீர்கள். சருகு போனால் மண் காயும், முட்டையும் சேர்ந்து காயும்.

குரல் கேட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். முதலில் காலடியில் டார்ச் அடியுங்கள், அப்புறம் கிளையைப் பாருங்கள். பாதையிலோ பாறையிலோ நின்று எடுக்க முடியாத படம் நமக்கு வேண்டாம்.

போனில் தவளைக் குரலைப் போட்டு அதைக் கூப்பிடுவது

கூடாது.

கொசு மருந்து பூசிய கையால் தொடுவது

தவளையின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். தொடாமலே பாருங்கள்.

சேற்று பூட்ஸோடு அடுத்த ஓடைக்குப் போவது

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை இந்த நாட்டில் 1938-இல் பிடித்த தவளையிலேயே இருந்திருக்கிறது. ஈரச் சேற்றோடு அது இடம் மாறும். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டு வாருங்கள்.

செருப்போடு வருவது

திருப்பி அனுப்பிவிடுவேன். தவளையும் தேரையும் தின்னும் இரவு விரியன் அதே கரையில்தான் இரை தேடும்.