‘உலகம்’ சீட்டு விழுந்தால் அதை எப்படிப் படிப்பது

டாரட் என்பது இன்று குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டு. அதில் 78 சீட்டுகள். அவற்றுள் 22 சீட்டுகளை மேஜர் ஆர்க்கானா என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். பூஜ்யம் என்ற எண்ணோடு நிற்கும் ‘பேதை’யில் தொடங்கும் அந்த வரிசை, 21ஆம் எண்ணில் ‘உலகம்’ என்ற சீட்டோடு முடிகிறது. நிறைவு, முழுமை, ஒரு சுற்று முடிந்து நிற்கும் நிலை ஆகியவற்றுக்கான சீட்டு இது. யாருக்கு விழுந்தாலும் முகம் மலர்ந்துவிடும். “வெற்றி உறுதி” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. இந்தச் சீட்டு எதையும் வாக்களிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வாழ்வில் எது முடிந்துவிட்டது, அதை முடிந்ததாக நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா என்றுதான் அது கேட்கிறது. நல்ல சீட்டுப் படிப்பு என்பது அந்தக் கேள்வியை, குறி கேட்க வந்தவரின் முன்னால் சரியாக வைப்பது.

பள்ளியில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவள் நான். டாரட்டுக்கு வந்ததும் படங்களின் வழியாகத்தான். ஆகவே என் முறையில் முதல் வேலை பார்ப்பது. அர்த்தம் எழுதிய கையேட்டை மூடி வையுங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் மேசைமேல் வைத்து, ஓரடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் ரைடர் வெயிட் கட்டை வாங்குவது நல்லது. 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொன்னார். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அட்டைப்பெட்டியில் நெடுங்காலம் அந்தப் பெண்ணின் பெயர் இல்லாமலே போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நாடக அரங்கோடு நெருங்கிப் பழகியவர் அவர். அவருடைய சீட்டுகளில் மனிதர்கள் மேடையில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். கையும் காலும் தலையும் திரும்பியிருக்கும் விதத்திலேயே பாதிச் செய்தி இருக்கிறது. கட்டில் நெளிந்த கொடிபோல் அவர் போட்ட கையெழுத்தைத் தேடிப் பாருங்கள். அதைத் தேடும்போதே கண் படத்துக்குள் இறங்கிவிடும்.

இப்போது படம். நடுவில் ஒரு பெண் ஆடுகிறாள். உடலைச் சுற்றி ஊதா நிறத் துணி ஒன்று பறக்கிறது. இரண்டு கைகளிலும் இரண்டு வெள்ளைக் கோல்கள். ஒரு காலில் நிற்கிறாள். மற்றொரு கால் மடங்கிக் குறுக்கே போகிறது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அவளைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு பச்சை இலை மாலை. மேலும் கீழும் சிவப்பு நாடாவால் கட்டியிருக்கிறது. நான்கு மூலைகளிலும் மேகத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தலைகள்: மேலே இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் கழுகு, கீழே இடப்பக்கம் காளை, வலப்பக்கம் சிங்கம். பின்னால் நீல வானம்.

முதலில் கவனிக்க வேண்டியது அவள் ஆடுகிறாள் என்பது. முடிவைக் காட்டும் சீட்டில் ஓவியர் ஓர் அரியணையையோ உறங்கும் உருவத்தையோ வரைந்திருக்கலாம். அசைவை வரைந்திருக்கிறார். முழுமை அடைந்தவள் அசையாமல் நிற்கவில்லை. கேட்பவர் “எல்லாம் முடிந்து ஓய்ந்துவிடலாமா?” என்ற எண்ணத்தில் வந்திருந்தால், இந்தக் காலைக் காட்டிப் பேசுங்கள்.

அதே காலைக் கவனித்தபின் கட்டிலிருந்து 12ஆம் சீட்டான ‘தொங்கும் மனிதன்’ சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அவனும் ஒரு காலை மடக்கிக் குறுக்கே வைத்திருக்கிறான்; ஆனால் தலைகீழாகத் தொங்குகிறான். 12ஐத் திருப்பி எழுதினால் 21. ‘உலகம்’ சீட்டைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் ஒப்பிடுங்கள். காத்திருப்பில் மாட்டிக்கொண்ட காலமும் நிறைவுபெற்ற காலமும் ஒரே உடல்நிலையில் வரையப்பட்டிருப்பது தெரியும். மாணவிகளுக்கு நான் இந்த ஒப்பீட்டைத்தான் முதலில் கொடுப்பேன். இதைக் கண்ணால் கண்டுகொண்டவர்களுக்கு அதன்பிறகு கையேடு பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

நான்கு தலைகளின் கதை நீளமானது. பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் கண்ட காட்சியிலும், புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தல் நூலிலும் மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகிய நான்கு உருவங்கள் வருகின்றன. கிறிஸ்தவ மரபு அவற்றை நான்கு நற்செய்தியாளர்களுக்கு அடையாளமாக்கியது: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவ வளையத்துக்குள் கிறிஸ்து வீற்றிருக்கிறார். சுற்றிலும் இந்த நான்கு உருவங்கள். படமாகத் தேடிப் பார்த்துவிட்டு மீண்டும் சீட்டைப் பாருங்கள். அமைப்பு அதேதான். பிரெஞ்சு மார்செய் கட்டுகளிலேயே இந்த அமைப்பு வந்துவிட்டது. நடுவில் இருந்தவரின் இடத்தில் ஆடும் உருவம் வந்து நிற்கிறது. அதற்கும் முந்தைய இத்தாலியக் கட்டுகளில் படம் வேறு. 15ஆம் நூற்றாண்டில் மிலானில் விஸ்கோந்தி, ஸ்போர்சா குடும்பங்களுக்காக வரையப்பட்ட கட்டில் இரண்டு குழந்தைகள் ஒரு பெரிய உருண்டையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. உருண்டைக்குள் ஒரு நகரம். அந்தக் காலத்தில் டாரட் என்பது சீட்டாட்டம் மட்டுமே. குறி சொல்லும் பழக்கம் பிரான்சில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆடும் டாரட் ஆட்டத்தில் 21தான் மிக உயர்ந்த துருப்புச் சீட்டு.

சோதிட மரபில் இந்த நான்கு தலைகளும் ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஆகிய நான்கு ஸ்திர ராசிகளைக் குறிக்கும். விருச்சிகத்துக்குக் கழுகும் கும்பத்துக்கு மனித முகமும் நிற்கின்றன. சீட்டைப் படிக்கும்போது எனக்கு இது நான்கு கேள்விகளாகப் பயன்படுகிறது. காளை பொருளையும் உடலையும் கேட்கிறது. சிங்கம் துணிவையும் ஆசையையும். கழுகு உள்ளத்தின் ஆழத்தை. மனித முகம் அறிவையும் பேச்சையும். முடிந்ததாகச் சொல்லும் காரியம் இந்த நான்கு மூலைகளிலும் முடிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, அடமானம் வைத்த மூலப் பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கி வராதவர்கள் எத்தனையோ பேர். பணம் கட்டியாகிவிட்டது, காளையின் மூலையில் ஒரு வேலை பாக்கி நிற்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருந்தும் மனத்துக்குள் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பவருக்குக் கழுகின் மூலை திறந்தே கிடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டு இறுதியில் லண்டனில் இயங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழு இந்தச் சீட்டோடு சனிக் கிரகத்தை இணைத்தது. ஆங்கிலப் புத்தகங்களில் இதைப் படித்துவிட்டு, “சனி சம்பந்தப்பட்டது” என்று நம் ஊரில் ஒருவரிடம் சொன்னால் அவர் அன்றிரவு தூங்கமாட்டார். ஏழரைச் சனி பற்றிய பயத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள்; இரண்டும் வெவ்வேறு மரபுகள். அந்தக் குழுவினர் பார்த்த சனி, எல்லையின் கிரகம். வெறுங்கண்ணால் பார்த்த பழங்காலத்தவருக்குத் தெரிந்த கோள்களில் கடைக்கோடியில் இருப்பது அது. சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 29 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காலம், பொறுமை, வரம்பு என்ற பொருளில்தான் அது இங்கே வருகிறது. நிறைவு மெதுவாகத்தான் வரும் என்று சொன்னால் போதும்.

சரி, விரிப்பில், அதாவது ஒரு கேள்விக்காக வரிசையாக எடுத்து வைக்கும் சீட்டுகளில், இது எங்கே விழுந்தது என்று பாருங்கள். மூன்று சீட்டு விரிப்பில் இடங்கள் முறையே கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். முதல் இடத்தில் விழுந்தால், நான் மற்ற இரண்டையும் பார்ப்பதற்கு முன் சற்று நிறுத்திவிடுவேன். கேட்பவர் ஏற்கெனவே ஒன்றைச் சாதித்திருக்கிறார். அதைச் சாதனையாக எண்ணவில்லை. “சமீபத்தில் எதை முடித்தீர்கள்?” என்று கேளுங்கள். முதலில் “ஒன்றுமில்லை” என்பார்கள். பொறுத்திருந்தால் வரும்: தங்கையின் திருமணக் கடன், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது, பிள்ளையின் பள்ளிப் படிப்பு. இதை வாயால் சொல்ல வைப்பதே அந்தச் சீட்டின் வேலையில் பெரும்பகுதி. நடு இடத்தில் விழுந்தால் ஒரு வாசலில் நிற்கிறார். புதிதாக எதையும் தொடங்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். கடைசி இடத்தில் விழுந்தால், முன்னால் விழுந்த இரண்டு சீட்டுகள் சொல்லும் வேலையைச் செய்து முடித்தால் இந்த இடத்துக்கு வரலாம் என்று நிபந்தனையோடு சொல்லுங்கள்.

தலைகீழாக விழுந்தால் பதற வேண்டாம். வெயிட் தன் கையேட்டில் தலைகீழ் நிலைக்குத் தேக்கம், நகராமை, ஒரே இடத்தில் உறைந்து கிடத்தல் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் கடைசி ஒரு சிறிய வேலை தள்ளிப்போடப்பட்டிருப்பதையே காட்டுகிறது. பெரிய தடையைத் தேடாதீர்கள். சின்னதாக என்ன பாக்கி என்று கேளுங்கள்.

பக்கத்துச் சீட்டுகளும் பேசும். மேஜர் ஆர்க்கானாவில் சேராத மற்ற சீட்டுகளில் ஒன்றான ‘காசு நான்கு’ பக்கத்தில் இருந்தால், அந்தப் படத்தில் ஒருவன் காசைத் தலையில் ஒன்று, மார்போடு ஒன்று, காலடியில் இரண்டு என்று இறுக்கிப் பிடித்திருப்பதைக் காட்டுங்கள்; முடிந்ததை விட மனமில்லாதவர் அவர். 20ஆம் சீட்டான ‘தீர்ப்பு’ (எக்காளம் கேட்டு இறந்தவர்கள் எழும் படம்) முன்னால் வந்தால், எக்காளம் ஊதியாகிவிட்டது, எழுந்தும் ஆகிவிட்டது. ‘பேதை’ பின்னால் வந்தால் சொல்லவே வேண்டாம், அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டியாகிவிட்டது.

முனைவர் பட்ட ஆய்வில் இருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டது: “இதை நான் முடிப்பேனா?” விழுந்தவை ‘கோல் பத்து’, தலைகீழாக ‘உலகம்’, ‘கிண்ணம் எட்டு’. முதல் சீட்டில் பத்துக் கோல்களைச் சுமந்து குனிந்து நடப்பவன். அவர் அதைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். நடுச்சீட்டுக்கு வந்தபோது எதிர்காலம் எதையும் சொல்லாமல், “என்ன பாக்கி?” என்று மட்டும் கேட்டேன். துணைநூற்பட்டியலைச் சரிசெய்வது, நெறியாளரின் கையெழுத்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கும் மூன்றாம் இயல். “மூன்றாம் இயலில் என்ன குறை?” குறை ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார். கடைசிச் சீட்டில் ஒருவன் அடுக்கிய கிண்ணங்களை அப்படியே விட்டுவிட்டு நடந்து போகிறான். கிண்ணங்கள் உடையவில்லை, கவிழவில்லை. அந்த இயலை அப்படி விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கிடைக்குமா என்று உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார். அது வேறு நாளைக்கு என்று கட்டை எடுத்து வைத்துவிட்டேன். இந்தச் சீட்டு விழுந்த விரிப்புக்குமேல் இன்னொரு விரிப்பை அதே அமர்வில் போடாதீர்கள். முடித்ததைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அடுத்ததற்கு ஓடுவதுதான் பலருக்கும் இருக்கும் சிக்கல். அதற்கு நாமே வழி காட்டக் கூடாது.

வெளிநாட்டுப் பயணம் பற்றிய கேள்வி நம்மிடம் அதிகம் வரும். வெயிட் தந்த அர்த்தப் பட்டியலில் பயணமும் குடிபெயர்தலும் இருப்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு “விசா கிடைத்துவிடும்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையை நம்பி வேலையை விட்டுவிடுபவர்கள், நகையை அடகு வைப்பவர்கள் இருக்கிறார்கள். நோய், வழக்கு ஆகியவற்றிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். விசா கேள்விக்கு இந்தச் சீட்டு விழுந்தால், இங்கே முடித்துவிட்டுப் போக வேண்டியது என்ன என்று கேளுங்கள். யாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, எந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. பதில் சொல்ல அவர்களிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

உங்களிடம் இருப்பது வேறு கட்டாக இருந்தால் சில மாற்றங்கள். ஆங்கில மறைஞானி அலெஸ்டர் குரோலியின் தோத் கட்டில் இந்தச் சீட்டின் பெயர் ‘பிரபஞ்சம்’. லேடி ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த அந்தப் படத்தில் பெண்ணோடு ஒரு பாம்பும் இருக்கிறது, நான் சொன்ன கால் ஒப்பீட்டை அதில் அப்படியே செய்ய முடியாது. மார்செய் கட்டில் தாராளமாகச் செய்யலாம். மூலை உருவங்களை விட்டுவிட்டு அழகுக்காக மட்டும் வரையப்பட்ட இன்றைய கட்டுகள் பல கிடைக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.