லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச்: கோடும் கமிட்டும் எப்படி இருக்க வேண்டும்?

லினக்ஸ் கெர்னலுக்கான (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் போகின்றன. கிட்ஹப்பில் இருப்பது வெறும் நகல். அங்கே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) போட்டால் பலன் இல்லை. கீழே வரும் விதிகளில் சில, இந்த மின்னஞ்சல் பழக்கத்தால் வந்தவை.

முதலில் கோடு, அதாவது நிரல் வரிகள். உள்தள்ளலுக்கு டேப் மட்டும், அதன் அகலம் 8 எழுத்து. மூன்று நிலைக்கு மேல் உள்ளே போகிறது என்றால் ஃபங்ஷனைப் பிரித்துவிடுங்கள். வரி 80 எழுத்துக்குள் நிற்பது நல்லது. இஃப், ஃபார் போன்றவற்றில் திறக்கும் நெளி அடைப்பு அதே வரியின் கடைசியில் வரும். ஃபங்ஷனுக்கு மட்டும் அடுத்த வரியில். கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள ‘செக்பேட்ச்’ இவற்றை மீறிய இடங்களைக் காட்டிக்கொடுக்கும். அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல; திருத்தினால் கோடு வாசிக்கக் கடினமாகிறது என்றால் விட்டுவிடலாம்.

அடுத்து, ஒரு கமிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் ஒரு பதிவு) ஒரே மாற்றம். பிழை திருத்தப் போன இடத்தில் கண்ணில் பட்ட ஸ்பேஸையும் சேர்த்துச் சரிசெய்யத் தோன்றும். அதற்குத் தனி பேட்ச் போடுங்கள். ‘கிட் ஆட் -பி’ கொடுத்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்கலாம். வரிசையில் உள்ள ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கெர்னல் பில்ட் ஆகி ஓட வேண்டும். நடுவில் ஒன்று உடைந்திருந்தால், பின்னாளில் ‘கிட் பைசெக்ட்’ (கமிட்களைப் பாதி பாதியாகச் சோதித்துப் பிழை நுழைந்த இடத்தைக் காட்டும் கட்டளை) வைத்துப் பிழை தேடுபவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது கமிட் செய்தியில். தலைப்பு வரி, துணை அமைப்பின் (மாற்றம் செய்த கெர்னல் பகுதி) பெயர், முக்காற்புள்ளி, பிறகு செய்த மாற்றம் என்று அமைய வேண்டும்; 70–75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் எந்தப் பெயரை வைப்பது என்று குழப்பமா? நீங்கள் மாற்றிய கோப்பின் மீது ‘கிட் லாக்’ (பழைய கமிட்களின் பட்டியல்) ஓட்டி, முன்பு எழுதியவர்கள் வைத்ததையே வையுங்கள். வினை ஏவலாக இருக்கட்டும்: ‘ஃபிக்ஸ்ட்’ அல்ல, ‘ஃபிக்ஸ்’.

ஒரு வெற்று வரி விட்டு, 75 எழுத்தில் வரியை மடக்கி விவரம் எழுதுங்கள். என்ன மாறியது என்பது, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பிலேயே தெரிகிறது. டிஃப் சொல்லாதது ஏன் என்பது: பயனருக்கு என்ன கோளாறு தெரிந்தது, அது எதனால் வந்தது, இந்த வழி ஏன் சரி. ‘நல் பாயின்டர் (எதையும் சுட்டாத நினைவக முகவரி) சரிபார்ப்பைச் சேர்’ என்று மட்டும் எழுதினால், அது எப்படி நல் ஆனது என்ற கேள்விதான் முதலில் திரும்பி வரும். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட் தெரிந்தால், ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அதன் ஹாஷின் (கமிட்டின் அடையாளக் குறி) முதல் 12 எழுத்தையாவது, தலைப்போடு சேர்த்துக் கொடுங்கள். அந்த வரி நீண்டாலும் மடக்கக் கூடாது. தேடும் ஸ்கிரிப்ட்கள் தடுமாறும்.

‘கிட் கமிட் -எஸ்’ கொடுத்தால் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி தானாகச் சேரும். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. இது இல்லாத பேட்ச்சை எடுக்க மாட்டார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதை ‘கெட்-மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட் சொல்லும். அனுப்ப ‘கிட் சென்ட்-ஈமெயில்’ போதும். ஜிமெயில் வலைப்பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் ஸ்பேஸாகிவிடும், வரிகள் உடையும், பேட்ச் பொருந்தாது. முதலில் உங்களுக்கே அனுப்பி, மின்னஞ்சலில் வந்த பேட்ச்சைச் சேர்க்கும் ‘கிட் ஏஎம்’ மூலம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

திருத்தம் கேட்டால் தலைப்பில் ‘வி2’ (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து அனுப்புங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதினால் அது கிட் வரலாற்றில் ஏறாது. பதில் வரவில்லையா? ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள்.