தேவையில்லாத விபரத்துக்கு எந்த இங்கிலிஷ் சொல்?

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில் உங்கள் பை காணாமல் போய், அதை இங்கிலிஷில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். அன்று களுவாஞ்சிக்குடியில் மழை பெய்தது 'இர்ரெலவன்ட்', விஷயத்தோடு தொடர்பே இல்லை. பையின் ஓரத்தில் இருந்த கிழிசல் 'மைனர்'. சின்னதுதான், ஆனால் பையை அடையாளம் காண உதவும், அதனால் அது இர்ரெலவன்ட் ஆகாது. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம். சின்னதா, சம்பந்தமில்லாததா என்று முதலில் கேளுங்கள், பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

'ட்ரிவியல்' என்றால் அற்பமானது. இதில் கொஞ்சம் இளக்காரம் ஒட்டியிருக்கிறது; அடுத்தவருடைய முறைப்பாட்டை ட்ரிவியல் என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும்.

'நெக்லிஜிபல்' அளவைப் பற்றியது. அம்பாறையில் அறுத்த நெல்லில் ஒரு கைப்பிடி சிந்தினால் அந்த நட்டம் நெக்லிஜிபல், வாய்க்கால் உடைந்து அரை வயல் போனால் அந்தச் சொல்லைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். முடிவை மாற்றாத விபரத்துக்குச் சட்டத்தில் 'இம்மெட்டீரியல்' என்பார்கள். சாதாரணக் கடிதத்தில் போட்டால் அப்புக்காத்து வாசனை அடிக்கும் (சிலருக்கு அதுதான் ஆசை).

இர்ரெலவன்ட், இம்மெட்டீரியல் இரண்டுக்கும் பின்னால் 'டு' வரும், 'வித்' வராது. அப்புறம், 'இர்ரெவலன்ட்' என்று எழுதாதீர்கள்: 'எல்' முதலில், 'வி' பிறகு.