கொறங்காட்டில் மேயும் மாட்டுக்குக் கோடையில் துணைத்தீவனம்: புதியவர்களுக்கான செய்முறை

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் மாசி பிறந்தால் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காட்டில், வளரும் கொளுக்கட்டைப் புல் வெளுத்துவிடும். காட்டில் புல் நிற்கும், மாடும் நாளெல்லாம் மேயும், ஆனாலும் இளைக்கும். புதிதாக மாடு பிடித்தவர்கள் பதறிப்போய் அரிசியும் மக்காச்சோள மாவும் அள்ளி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

காய்ந்த புல்லில் குறைவது புரதம். அது 7 சதவீதத்துக்குக் கீழே போனால் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகாது. தின்றது வயிற்றிலேயே தங்கும், மாடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் புரதம் கிடைத்தால் அதே புல்லைக் கூடுதலாகத் தின்று செரிக்கும். மாவுச்சத்து மிகுந்தாலோ நார் செரிப்பது இன்னும் கெடும்.

1. சாணியைப் பாருங்கள். புரதம் போதுமென்றால் சாணி தட்டையாகப் பரவி விழும். போதாவிட்டால் மடிப்பு மடிப்பாக அடுக்கி உயர்ந்து நிற்கும். குச்சியால் உடைத்தால் செரிக்காத நார் தெரியும். விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும் முன்பே சாணி சொல்லிவிடும்.

2. எடையைக் கணியுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து வாலடியில் துருத்தும் பின்பக்க எலும்புவரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = கிலோ. 60 அங்குலச் சுற்றளவும் 50 அங்குல நீளமும் என்றால் சுமார் 270 கிலோ.

3. பற்றாக்குறையைக் கணக்கிடுங்கள். இந்த மாடு நாளுக்கு 5 கிலோ காய்ந்த புல் தின்பதாக வைப்போம். 4 சதவீதப் புரதம் என்றால் கிடைப்பது 200 கிராம்; 7 சதவீதத்துக்கு 350 கிராம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய 40 சதவீதம், ஆகவே அரைக் கிலோ வைத்தால் குறை தீரும். பருத்திக்கொட்டையில் பாதியளவுதான் இருக்கும், ஒரு கிலோ வையுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கோடையில் உதிரும் வெள்வேலங்காயும் நல்ல தீவனம். மரத்தடியில் மாட்டை விட்டால் தானே பொறுக்கித் தின்னும்.

4. புண்ணாக்கைக் கால் கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். சாயங்காலம் மேய்ந்து திரும்பியபின் கட்டுத்தரையில் வையுங்கள். காலையில் வைத்தால் மேய்ச்சல் மந்தமாகும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் முட்டுகிற மாடே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

5. தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம். தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: காட்டில் புல்லே இல்லாமல் மண் தெரிந்தால் புண்ணாக்கு மட்டும் உதவாது. வயிறு நிறைய சோளத்தட்டோ கடலைக்கொடியோ போட்டாக வேண்டும். அப்போது காட்டை மூடி மாட்டைக் கட்டுத்தரையிலேயே வைத்துக்கொண்டால் புல் தூர் பிழைக்கும்.

6. மழை பெய்து புல் துளிர்த்து, சாணி இளகியதும் புண்ணாக்கை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். தாது உப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.